முப்பது கேள்வி, ஒரே பதில்

போன வாரம் அக்காவை மேஜைமுன் தலையில் கைவைத்தபடி உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டேன். "ஏழு நாளா அப்படியே இருந்தா கழுத்து வலிக்காதா?" என்று ஒரு வாசகி கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். நியாயம்தான். இதோ எழுப்பிவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி. அக்கா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியை. அவள் வீட்டுக்காரர் டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. அக்காவின் தம்பி அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறான். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாடியறையில் குடியிருப்பு, சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்குவான்.

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குத் தங்கள் வேலையில் தாங்களே முடிவெடுக்க எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று அளந்து சொல்லும் பொறுப்பு அக்காவுடையது. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு படிவம் கொடுத்தாள். அதில் முப்பது வாக்கியங்கள். 'கொஞ்சமும் உண்மையில்லை' என்றால் ஒன்று, 'முழுக்க உண்மை' என்றால் ஐந்து, நடுவில் மற்றவை. பெயர் எழுத வேண்டாம். எந்தத் துறைக்கு மதிப்பெண் குறைவோ, அந்தத் துறைக்கு அடுத்த வருஷம் ஒரு சோதனை ஆண்டு: பாடத்திட்டம், புத்தகம், கேள்வித்தாள் எல்லாம் ஆசிரியர் இஷ்டம். அறிக்கை இன்று மதியம் மூன்று மணிக்கு ஆட்சிக்குழுவுக்குப் போக வேண்டும்.

அக்கா தலையில் கைவைத்தது வேதியியல் துறையின் கட்டைப் பிரித்தபோது. இருபத்திரண்டு படிவம். ஒவ்வொன்றிலும் முப்பது பதில். அத்தனையும் ஐந்து!

சுதந்திரம் பொங்கி வழிகிறதே, இதற்கு எதற்குத் தலையில் கை என்கிறீர்களா? அக்கா சொல்லமாட்டாள். நிரப்பி வந்த படிவத்தில் என்ன இருக்கிறது என்று வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்பது அவள் வேலைக்கு அவளே போட்டுக்கொண்ட சட்டம். அதை டெய்லர் கண்டுபிடிப்பார், பொறுங்கள்.

காலை எட்டு மணி. தம்பி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சிரித்தான்.

"உன் படிவத்தை நாங்க எல்லாரும் ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டோம்க்கா. படிக்கவே வேண்டாம்னுட்டாரு சீல் சார். முப்பதுக்கும் அஞ்சு போடுங்க, துறை மானம் காப்பாத்துங்கன்னாரு. போட்டுட்டோம்."

சீல் சார் என்பது வேதியியல் துறைத்தலைவருக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர். சுண்ணாம்புக்கட்டி வாங்கினாலும் அவர் ரப்பர் முத்திரை விழாமல் வகுப்புக்குள் போகாது.

அக்காவின் கையில் இருந்த காப்பி, வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லை."

"நல்ல மார்க்குதானே?"

"நான் ஒண்ணும் பேச முடியாது. பேசவும் மாட்டேன். எல்லா ஆசிரியருக்கும் காலையில ஒரு மெயில் போட்டிருக்கேன். உனக்கும் வந்திருக்கும். போய்ப் படி."

"என்ன மெயிலு?"

"படின்னு சொன்னேன். எனக்கு நேரமாச்சு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைப் போடாமலே வெளியே போனவள், வாசல்வரை போய்விட்டுச் செருப்புக்காகத் திரும்பி வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்காமலே மறுபடி போனாள்.

டெய்லர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருபது வருஷமாக அளவெடுக்கிற மனிதருக்கு மனைவி முகத்தில் ஒரு இழை பிசகினாலும் தெரிந்துவிடும்.

"மாப்ளே, உங்க அக்கா செருப்பை மறந்து நான் பார்த்ததே இல்லை. இதுல ஏதோ இருக்கு. இங்க வா."

முன்னறைக்குப் போனார். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த காகித அச்சுகளில் ஒன்றை எடுத்தார். கோட்டின் கைப்பகுதிக்காக வெட்டி வைத்தது. வீட்டில் கிடக்கிற எந்தக் காகிதமும் அவர் கத்தரிக்குத் தப்பாது. மனைவி திருத்திப் போட்ட படிவங்கள் இந்த வருஷம் பதினோரு கோட்டுக்குக் கையாகியிருந்தன. அச்சின் பின்பக்கம் அந்த முப்பது வாக்கியங்கள் இருந்தன.

"நான் வாசிக்கிறேன். நீ போட்டதைச் சொல்லு. நாலாவது. 'என் பாடத்தை எந்த வரிசையில் நடத்துவது என்று நானே முடிவு செய்கிறேன்.'"

"அஞ்சு."

"பதினேழாவது. 'பாட வரிசையை மாற்ற வேண்டுமானால் துறைத்தலைவரின் அனுமதி வாங்க வேண்டும்.'"

"அஞ்சு."

"எப்படி மாப்ளே? நீயே முடிவு பண்றியா, அவரைக் கேக்கறியா?"

தம்பி ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான்.

"இன்னொண்ணு. 'கேள்வித்தாளை நான் தயாரித்தபடியே மாணவர்களிடம் போகிறது.' அஞ்சு. கீழ பாரு, 'என் கேள்வித்தாளை வேறொருவர் திருத்திய பிறகே மாணவர்களிடம் போகிறது.' அதுக்கும் அஞ்சு! என் கடைக்கு ஒருத்தர் வந்து இடுப்பு முப்பத்தாறு, அதே இடுப்பு நாப்பத்தாறுன்னா நான் எந்தப் பேண்ட்டைத் தைக்கிறது?"

"அய்யய்யோ மாமா, இது வேணும்னே மாத்தி எழுதினதா?"

"படிக்காம டிக் அடிக்கிறவங்களைப் பிடிக்கத்தான். உங்க அக்கா லேசுப்பட்டவளா?" டெய்லருக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். முரண்பட்ட பதில்கள் உள்ள படிவம் செல்லாது. ஒரு துறையில் மூன்றில் ஒரு பங்கு படிவமாவது செல்லாவிட்டால் அந்தத் துறையே அறிக்கையில் வராது.

"அறிக்கையில வராட்டி?" என்றார் டெய்லர்.

"சோதனை ஆண்டு கிடையாது." தம்பி ரொட்டியைக் கீழே வைத்தான். "மாமா, என் தண்ணிப் பாடம் போச்சு."

தண்ணிப் பாடம் என்ன என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். மாணவர்கள் ஆளுக்கொரு பாட்டிலில் தங்கள் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்களே சோதித்து, அவர்கள் தெருவுக்கே எழுதிச் சொல்ல வேண்டும். தம்பி ராப்பகலாக உட்கார்ந்து உருவாக்கிய பாடத்திட்டம். ஒன்றரை வருஷமாகச் சீல் சாரின் டிராயரில் தூங்குகிறது. 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. சோதனை ஆண்டு வந்தால் யார் டிராயரையும் தட்ட வேண்டியதில்லை. அதைத்தான் இந்தப் புத்திசாலி இரண்டே நிமிஷத்தில், தன் கையாலேயே, முப்பது ஐந்து போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறான்!

அப்போதுதான் அக்காவின் மெயிலைத் திறந்தான். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே வாசகம். படிவத்தின் அடியிலிருந்து கிழித்து வைத்துக்கொண்ட எண் துண்டோடு இன்று பன்னிரண்டு மணிக்குள் வருகிறவர்கள், பழைய படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாக நிரப்பலாம். அவ்வளவுதான்.

"துண்டு எங்க மாப்ளே?"

தம்பி பர்ஸை உதறினான். பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவில் இருந்தது, நல்லவேளை.

"இருபத்திரண்டுல மூணுல ஒண்ணுன்னா எட்டுப் பேர். இன்னும் ஏழு பேர் வேணும் மாமா."

"இங்க நின்னு எண்ணிக்கிட்டிருந்தா எப்படி? ஓடு!"

பத்தரை மணிக்கு வேதியியல் ஆசிரியர் அறையில், தம்பி போனை எடுத்துத் துறையின் வாட்ஸப் குழுவில் படபடவென்று தட்டினான்: 'அவசரம். நம்ம படிவம் எதுவும் செல்லாது. பன்னிரண்டுக்குள்ள கல்வியியல் துறைக்குப் போய் மாத்திடுங்க. இந்தத் தடவை எல்லாரும் முப்பதுக்கும் ஒண்ணு போடுங்க.'

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், எதிர் மேஜையில் சங்கிலி மேடம் தன் போனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், அதனால் அந்தப் பெயர்.

"ஏன் தம்பி, முப்பதுக்கும் அஞ்சு போட்டா செல்லாது. முப்பதுக்கும் ஒண்ணு போட்டா மட்டும் செல்லுமா?"

தம்பி தன் செய்தியையே மறுபடி படித்தான்.

"போன வாரம் ஒரு சீல் சார் இதைப் போடுன்னாரு. இந்த வாரம் சின்ன சீல் சார் அதைப் போடுங்கறாரு. என் வேலையில எனக்கு எவ்வளவு சுதந்திரம்னு நான் எழுதறதுக்கு எத்தனை பேருப்பா ஆர்டர் போடுவீங்க?"

தம்பிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. உடனே செய்தியை அழிக்கப் போனான். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. குழுவில் இருப்பது இருபத்திரண்டு பேர். அந்த இருபத்திரண்டில் சீல் சாரும் ஒருவர்! அவர் செய்தியைப் படித்துவிட்டதாகப் போன் காட்டியது.

வேலை நிரந்தரத்துக்கான தாளில் அடுத்த மாதம் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

"இப்ப என்ன பண்றது மேடம்?"

"அதையும் என்னைக் கேக்கறியா?"

தம்பி அழிக்கிற பொத்தான்மேல் விரலை வைத்தான். பேசாமல் அழித்துவிட்டு வகுப்புக்குப் போய்விடலாம். கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம். தண்ணிப் பாடத்தை இன்னும் ஒரு வருஷம் டிராயரில் விட்டால் என்ன, செத்தா போய்விடும்? இப்படியெல்லாம் நினைத்தான், அது உண்மை. ஆனால் தெருக்குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு இருபது மாணவர்கள் வகுப்புக்குள் நுழைகிற காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை. போனை மறுபடி எடுத்தான்.

'முந்தின செய்தி என் தப்பு. நான் சொல்றதை யாரும் போட வேண்டாம். யார் சொல்றதையும் போட வேண்டாம். நான் போன தடவை படிக்காமலே போட்டேன், இப்போ மாத்தப் போறேன். உங்களுக்கும் மாத்தணும்னு தோணினா கேள்வியைப் படிச்சு, எது நிஜமோ அதைப் போடுங்க. பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு.'

பெயரோடு அனுப்பினான். அறையில் இருந்த போன்கள் எல்லாம் ஒவ்வொன்றாக முணுமுணுத்தன. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் சீல் சார் அறைக் கதவு திறந்தது. அவர் வாசலில் நின்று தம்பியைப் பார்த்தார்.

"படிச்சேன்" என்றார். அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது.

கல்வியியல் துறையில் அக்கா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே உதவியாளர் அம்மாள் எண் துண்டை வாங்கிக்கொண்டு பழைய படிவத்தைத் தேடித் தருவார். வந்தவர் ஓர மேஜையில் புதிதை நிரப்பித் தகரப் பெட்டியில் போட வேண்டும். தம்பி வேலை பார்க்கிற இடத்தில் அக்கா அளவெடுக்கிறாள். யார் வந்தார்கள் என்று அவள் எட்டிப் பார்த்தால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் பார்க்கவில்லை. ஆனால் காதை என்ன செய்வது? தகரப் பெட்டியின் மூடி ஒவ்வொரு தடவையும் 'டக்' என்றது.

பதினொன்றேகாலுக்கு முதல் டக். அக்கா ஒரு விரலை மடக்கினாள்.

அப்புறம் இரண்டு டக். அப்புறம் வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவர் கடன் கொடுத்த குடையைத் திருப்பிக் கேட்க வந்திருந்தார். குடையோடு போய்விட்டார்.

பதினொன்று நாற்பதுக்கு ஐந்து. பதினொன்று ஐம்பதுக்கு ஏழு.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு போதாது. ஏழு பேர் வந்தும் ஒரே ஒரு படிவத்தால் ஒரு துறையே காணாமல் போகப்போகிறது. எட்டாவதைத் தானே ஒன்று சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே கன்னத்தில் லேசாகத் தட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது வெளியே செருப்புச் சத்தம். "துண்டைக் குடுங்க" என்றார் உதவியாளர் அம்மாள். நாற்காலி இழுபட்டது. பிறகு டக் வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆகியும் வரவில்லை. இப்படி எழுத்தெழுத்தாகப் படித்து நிரப்புகிறவர் யாரப்பா என்று அக்காவுக்குத் தலை வெடித்தது.

டக்!

அக்கா எழுந்து நின்று, ஆளில்லாத அறையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து சரிபார்க்கலாம் என்று கதவருகே போனால், கதவு வெளியிலிருந்து தட்டப்பட்டது.

திறந்தாள். சீல் சார்.

"உள்ள வரலாமாம்மா?"

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்க சார்."

அவர் உட்காரவில்லை. "முப்பதையும் இன்னிக்குத்தாம்மா படிச்சேன். பதிமூணாவது கேள்வியில அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டேன். 'மேலிடம் விரும்பாது என்று தெரிந்தால் சரியென்று பட்டதையும் செய்யாமல் விடுகிறேன்.' எனக்கும் மேல ஆள் இருக்கும்மா. உங்க தம்பியோட தண்ணிப் பாடம் நல்லாத்தான் இருக்கு. மூணு தடவை படிச்சேன். அதுக்கு மேலிடத்துல கேக்கணும். கேக்கப் பயமா இருந்துச்சு. அந்தப் பையன் பயந்துக்கிட்டே பேரைப் போட்டு அனுப்பினான் பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு வெக்கமாப் போச்சு."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அப்ப எதுக்கு சார் எல்லாரையும் அஞ்சு போடச் சொன்னீங்க?"

சீல் சார் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே சொன்னீங்க?"

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். தட்டச்சு செய்த சுற்றறிக்கை. 'எல்லா வாக்கியங்களுக்கும் ஐந்து என்று பதிலளிக்குமாறு ஆசிரியர்களை அறிவுறுத்தவும்.' அடியில் அக்காவின் பெயர், பதவி, அறை எண் எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்து மட்டும் இல்லை.

"நான் இதை அனுப்பலை சார்."

"எல்லாத் துறைக்கும் வந்திருக்கும்னு நினைச்சேன்."

மற்ற துறைகளில் ஒன்றில்கூட இப்படி நடக்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். வேதியியலுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. யார் அனுப்பினார்கள், எதற்கு இந்த ஒரு துறை மட்டும்? சீல் சார் போன பிறகும் அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைத் திறந்தாள். எட்டுப் படிவம். எட்டும் செல்லும், எட்டும் எட்டு விதம். வேதியியல் அறிக்கைக்குள் வந்துவிட்டது, மதிப்பெண் இரண்டுக்குச் சற்று மேலே. சோதனை ஆண்டுக்கு இதைவிடப் பொருத்தமான துறை வேறில்லை. அவசர அவசரமாகக் கணக்கைச் சேர்த்து, அச்செடுத்து, தைத்து முடிக்கும்போது மணி இரண்டே முக்கால்.

வீட்டுக்குப் போன் போட்டாள். தையல் மெஷின் சத்தம் நின்றது.

"என்னங்க, என் பேர்ல ஒரு போலித் தாள் சுத்தியிருக்கு. இதை அறிக்கையோட முதல் பக்கமா வைக்கவா, பைக்குள்ள வச்சுக்கிட்டு அப்புறம் விசாரிக்கவா? வச்சா இந்த அறிக்கையையே நிறுத்தினாலும் நிறுத்துவாங்க."

"அளவெடுத்தது நீ. இதுல என் கத்தரியை நுழைக்க மாட்டேன்." மெஷினை மறுபடி மிதித்துக்கொண்டே, "நிறுத்திட்டாங்கன்னா அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவா, நாலு கோட்டுக்குக் கை ஆகும். இன்னிக்குச் சமையல் நான்தான், சீக்கிரம் வா" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்து அறிக்கையின் தையலைப் பிரித்தாள்.

ஆட்சிக்குழு அறை வாசலில் பதிவாளர் நின்றிருந்தார். அறிக்கையை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டியவர், புரட்டிய கையோடு நின்றார். முகம் மாறியது.

"இந்தப் பக்கம் நேத்து நான் பார்த்த வரைவுல இல்லையே. கடைசி நேரத்துல சேர்த்திருக்கீங்க. யாரைக் கேட்டுச் சேர்த்தீங்க?"

"யாரையும் கேக்கலை சார்" என்று சொல்லிவிட்டு, அக்கா அவரைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தாள்.